குதிரும் பரணும்

ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்து ஓய்ந்தபின் இரும்பு பீரோவைத் திறந்தால் ஒரு நெடி வரும். தோல் பெல்ட்டின்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அந்துருண்டை போட்டிருந்தோமே என்று தோன்றும். அது பூச்சிக்கானது, பூஞ்சணம் அதைச் சட்டை செய்வதில்லை. பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் ஈரம் எப்படிப் புகுந்தது? அதே மழைக்காலத்தை ஒரு மண் குதிர் தாண்டிவிடும். உள்ளே இருக்கும் நெல் அடுத்த ஆடியில் விதைக்கு ஆகும். மண் தண்ணீரைக் குடிக்கும், இரும்பு குடிக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, மண் காப்பாற்றியதை இரும்பு ஏன் காப்பாற்றவில்லை?

இதற்கு விடை தெரிந்தால் ஓர் அருங்காட்சியகக் கிடங்கைக் கட்டிவிடலாம். இந்த அத்தியாயத்தில் அதைத்தான் செய்யப்போகிறோம், காகிதத்தில்.

கண்ணாடிப் பேழைக்குப் பின்னால்

அருங்காட்சியகத்தில் நாம் சீட்டு வாங்கிப் பார்ப்பது சேகரிப்பின் சிறு பகுதி. மிச்சமெல்லாம் கிடங்கில் இருக்கும். கட்டடத்துக்கான பணத்தில் பெரும்பகுதி முகப்புக்கும் காட்சிக்கூடத்துக்கும் போய்விட, கிடங்குக்கு மாடிப்படியின் அடியோ, ஒழுகும் பின்னறையோ கிடைக்கும். பொருள்களின் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது அங்கேதான்.

நம் கிடங்கைப் பழவேற்காடு ஏரிக்கரையில், பொன்னேரி வட்டத்துக் காட்டூரில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் இதன் கரையில்தான். இங்கே ஒரு மீனவர் அருங்காட்சியகம் வந்தால் கிடங்கில் என்னென்ன சேரும்? கட்டுமரத்தின் மரங்கள், துடுப்புகள், நைலானுக்கு முந்தைய பருத்தி வலைகள், பனையோலைக் கூடைகள், மீன் பறிகள், துருவேறிய நங்கூரம், ஏரிக்கரையில் கிடைத்த பீங்கான் ஓடுகள், செப்புக் காசுகள். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைக்கும் ‘பாடு’ வழக்கத்தைப் பற்றி யாரேனும் எழுதி வைத்திருந்தால் அந்த நோட்டுப் புத்தகங்களும் சேரும்.

அதாவது மரம், நூல், ஓலை, காகிதம், உலோகம். எல்லாவற்றுக்கும் பொது எதிரி ஈரம். கடலோரமாதலால் கூடவே உப்பும்.

காற்றின் கொள்ளளவு

ஈரப்பதம் என்ற சொல்லை நெல் கொள்முதல் நிலையச் செய்திகளில் படித்திருப்போம். பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பது நெல்லுக்குள் இருக்கும் தண்ணீரின் கணக்கு. நமக்கு வேண்டியது காற்றின் கணக்கு. குறிப்பிட்ட வெப்பத்தில் காற்று இவ்வளவு நீராவியைத்தான் ஏற்கும் என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை ஒப்பு ஈரப்பதம் என்பார்கள். நூறு என்றால் முழுதும் நிரம்பிவிட்டது; அதற்குமேல் பனித்துளியாக வடியும்.

வெப்பம் கூடினால் எல்லையும் கூடும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 23 கிராம் நீராவியை ஏற்கும். 33 டிகிரியில் ஏறக்குறைய 36 கிராம். இந்த இரண்டு எண்களே பீரோவின் மர்மத்தைப் பாதி அவிழ்த்துவிடும். பிற்பகலில் 33 டிகிரியில், அறுபது சதவீத ஈரத்தோடு பீரோவுக்குள் அடைபட்ட காற்று, இரவில் 25 டிகிரிக்கு இறங்கினால் ஈரப்பதம் தொண்ணூறைத் தாண்டிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. சுமார் அறுபத்தைந்துக்குக் கீழே பூஞ்சணம் வளராது. எண்பதைத் தாண்டி நின்றால் சில நாளில் முளைத்துவிடும். நனைந்து குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டி வைத்த பீரோவின் முதுகுப்பக்கம் முதலில் கெடுவது இதனால்தான்.

பீரோ துணியால் நெருக்கமாக நிறைந்திருந்தால் இவ்வளவு ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அதற்குமுன் ஒரு தவறான பாதையை அடைத்துவிடலாம்.

வீட்டைப் பார்த்துக் கட்டினால்

‘கிராமியக் கட்டடக்கலையிலிருந்து பாடம்’ என்றதும் கட்டட வரைஞர் பலருக்குக் கை தானாகத் திண்ணையையும் முற்றத்தையும் வரையும். அதற்கு நல்ல முன்மாதிரியும் சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வளாகத்தின் வடிவமைப்பில் லாரி பேக்கரின் கை உண்டு. அவருக்குப் பின் பென்னி குரியகோஸ் தொடர்ந்தார். மே மாதத்தில் அங்குள்ள செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அந்த அருமை வியர்க்கும் உடம்புக்கானது. நம் கடலோர வீடு காற்றை வரவேற்கவே கட்டப்பட்டது. மீனவர் குப்பத்துக் கூரைவீட்டின் தடுக்கு இடுக்கிலும் காற்று போகும். பேக்கரின் புகழ்பெற்ற செங்கல் சல்லடைச் சுவரிலும் போகும். நுழையும் காற்று ஈரமாக இருந்தாலும் நமக்குக் கவலையில்லை, தோலைத் தடவிக்கொண்டு போனால் போதும். பனையோலைக் கூடைக்கு வியர்ப்பதில்லை. அதற்குக் காற்றோட்டம் என்பது ஒவ்வொரு மணி நேரமும் புதிய ஈரம் வந்து சேர்வது, அவ்வளவே. எனவே வீட்டைப் பார்த்துக் கட்டிய கிடங்கு பார்க்க அழகாக இருக்கும், உள்ளே இருப்பது கெடும். ஊரில் பொருளுக்காகவே கட்டப்பட்ட கட்டடம் வேறு இருக்கிறது. அதைத்தான் பார்க்கவேண்டும்.

குதிர். மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாணமும் மண்ணும் பூசி, கீழே கல் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வைப்பார்கள். நன்றாகக் காய்ந்த நெல்லைக் கொட்டி, வாயை மூடி, மூடியின் விளிம்பையும் மண்ணால் மெழுகுவார்கள். அடியில் நெல் எடுக்கும் சிறு துவாரம், அதற்கும் ஓர் அடைப்பு. சன்னல் இல்லை, காற்றோட்டம் இல்லை. பெரிய அளவில் பார்க்கவேண்டுமென்றால் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக்குப் போகலாம். தஞ்சை நாயக்கர் காலத்து வட்டமான செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. திருவரங்கம் கோயிலிலும் அப்படிப்பட்ட களஞ்சியங்கள் உண்டு.

ஒரு கிடங்கு, ஒரு கணக்கு

நம் காட்டூர்க் கிடங்கின் உள்ளளவு பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். மொத்தம் 150 கன மீட்டர் காற்று. உள்ளே 60 சதவீத ஒப்பு ஈரப்பதம் வேண்டும்; வெளியே மழைக்காலத்தில் 80. கணக்கு எளிதாக இருக்க இரண்டு பக்கமும் 30 டிகிரி என்று கொள்வோம்.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எல்லை 30 கிராம். ஆகவே 60-லிருந்து 80-க்கு ஏற கன மீட்டருக்கு ஆறு கிராம். கிடங்கு முழுவதற்கும் 900 கிராம். ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீர் நம் கிடங்கின் காற்றைக் கெடுத்துவிடும்.

இப்போது பொருள்களைப் பார்ப்போம். கட்டுமரம், துடுப்பு, வலை, ஓலை, காகிதம் எல்லாம் சேர்ந்து இரண்டு டன். காய்ந்த மரம் என்று நாம் சொல்லும் மரத்திலும் தண்ணீர் இருக்கிறது. சுற்றியுள்ள காற்று 60 சதவீதமாக இருந்தால் மரம் தன் எடையில் சுமார் பதினொரு சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். காற்று 80 ஆனால் பதினாறு. ஐந்து சதவீத வித்தியாசம். நூலும் காகிதமும் எண்ணில் மாறினாலும் இதே போக்குதான். இரண்டு டன்னில் ஐந்து சதவீதம் என்றால் நூறு கிலோ.

காற்றுக்குத் தேவை ஒரு கிலோகூட இல்லை. பொருள்களுக்குத் தேவை நூறு கிலோ. அதாவது, அடைத்த அறையில் காற்று பொருளை ஆள்வதில்லை, பொருள்தான் காற்றை ஆள்கிறது. காற்றில் கொஞ்சம் ஈரம் கூடினால் மரம் அதை வாங்கிக்கொள்ளும். குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். இந்தக் குணத்துக்கு ஈரத்தாங்கல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். திருவள்ளூர்ப் பக்கத்துத் தாங்கல் ஏரி வெள்ளத்தை வாங்கி வைத்துக் கோடையில் விடுவது போன்ற வேலை. குதிரின் ரகசியமும் இதுவே. காய்ந்த நெல் தன்னைச் சுற்றியுள்ள கொஞ்சக் காற்றைத் தானே காய வைத்துக்கொள்கிறது. மூடியை மெழுகிவிட்டபடியால் வெளிக்காற்று குறுக்கிடுவதில்லை. பாதி காலியாக, கதவிடுக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் உறைகளும் தகடுமாக இருக்கும் பீரோவில் ஈரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அடுத்து, காற்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. சாதாரணச் சன்னல் கதவு உள்ள அறையில், எல்லாம் சாத்தியிருந்தாலும், மணிக்கு ஒருமுறை முழுக் காற்றும் மாறிவிடலாம் என்று வைப்போம். மணிக்கு 900 கிராம் வீதம் நாளைக்கு இருபத்தொரு கிலோ தண்ணீர் உள்ளே வரும். ஐந்து நாளில் நூறு கிலோ நிரம்பிவிடும். புயல் மழை ஒன்று போதும்.

இடுக்குகளை அடைத்து, காற்று நாளைக்கு ஒருமுறை மட்டும் மாறும்படி செய்தால்? அதே நூறு கிலோ சேர நூற்றுப் பத்து நாளுக்கு மேல் ஆகும். பொருள் நனைய நனைய வாங்கும் வேகமும் குறையும் என்பதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம். ஈரம் உள்ளே வந்து சேர்வதற்குள் தை பிறந்துவிடும்.

சுட்ட கல், பச்சைக் கல்

பொருள்களின் தோளிலேயே முழுச் சுமையையும் ஏற்றுவது நியாயமில்லை. தாங்கும் வேலையைச் சுவருக்குக் கொடுக்கலாம். எந்தச் சுவர்?

டிம் பேட்ஃபீல்ட் என்ற பாதுகாப்பியல் அறிஞர் 1998-இல் டென்மார்க்கில் அளித்த ஆய்வேடு இதைப் பற்றியதுதான். கட்டுமானப் பொருள்களை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஈரத்தை ஏற்றியும் இறக்கியும், எது எவ்வளவு வாங்கித் தருகிறது என்று அளந்தார். குறுக்கே அறுத்த மரத்தின் முகம் சிறப்பாக வேலை செய்தது. அதற்கடுத்த வரிசையில் நின்றது சுடாத களிமண். சூளையில் வெந்த செங்கல் வெகுதூரம் பின்தங்கியது. சுடும்போது களிமண்ணின் நுண்ணிய தகடுகள் உருகி இறுகி, நீராவியைப் பிடித்து வைக்கும் குணத்தை இழக்கின்றன. செங்கல் தண்ணீரில் போட்டால் நிறையக் குடிக்கும். காற்றிலிருந்து ஆவியை வாங்குவதில் அதற்குப் பெரிய ஆர்வமில்லை.

ஆக, சூளையடியில் அடுக்கி வைத்திருக்கும் பச்சைக் கல்தான் நமக்கு வேண்டியது. கிடங்கின் உட்சுவர் 90 சதுர மீட்டர். அதில் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பச்சைக் கல் வைத்தால் சுமார் 15 டன் வரும். களிச்சத்து மிகுந்த மண்ணாக இருந்து, 60-க்கும் 80-க்கும் நடுவே ஒரு சதவீத ஈரத்தை வாங்கினாலும் 150 கிலோ. பொருள்களின் பங்கைவிட அதிகம். சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்பதை மட்டும் எழுதி மாட்டி வைக்கவேண்டும். எமல்ஷன் பூசிய மண்சுவர் வாயடைத்த சுவர்.

இதெல்லாம் கிராமத்து ஏக்கம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் 1971-இல் கனத்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஒடுங்கிய சன்னல்களுமாகக் கட்டப்பட்டு, குளிர்சாதனம் இல்லாத காப்பகங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. 2009 மார்ச்சில் அது இடிந்து விழுந்ததற்குக் காரணம் பக்கத்தில் தோண்டிய சுரங்க ரயில் பாதை; சுவர்மேல் பழியில்லை. டென்மார்க்கில் ரீபே, வேய்லே ஊர்களின் கிடங்குகளும் இதே தத்துவத்தில் நடக்கின்றன.

குளிர்சாதனம் வைத்தால் தீர்ந்ததே என்று கேட்கலாம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனிக்கத் தொடங்கும். இருபத்திரண்டில் வைத்த கிடங்கின் கதவை மழைநாளில் ஐந்து நிமிடம் திறந்தாலும், புயலில் மின்சாரம் போய் வெளிக்காற்று உள்ளே வந்தாலும், குளிர்ந்த பொருள்களின்மேல் தண்ணீர் படியும். டிசம்பர் 2023-இல் மிக்ஜாம் புயலின்போது வட சென்னை எத்தனை நாள் இருளில் கிடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

உப்பு

பழவேற்காட்டில் ஒரு கூடுதல் சிக்கல். சாதாரண உப்பு 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே போனால் மறுபடி படிகமாகும். இந்தக் கரையில் வெளிக்காற்று அநேகமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. பானை ஓட்டின் துளைக்குள் இருக்கும் உப்பு ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் துளையின் சுவரை நெருக்கும். கடலோர வீடுகளில் சுவரடி பூத்துப் பொரிந்து உதிர்வது இப்படித்தான். கிடங்கு 75-க்குக் கீழேயே ஆண்டு முழுவதும் நின்றால் உப்பு உறங்கிக்கிடக்கும்.

ஏரி உப்பு அவ்வளவு ஒழுங்கானதில்லை. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே கசியும். ஜாடியில் கல்லுப்பு மழைக்காலத்தில் கசிவது அதனால்தான். கழுவாத வலையை எந்தக் கிடங்கில் வைத்தாலும் அது நனைந்தே இருக்கும் என்று பொருள். ஆகவே உள்ளே வருமுன் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, நிழலில் காய வைப்பது கட்டடத்தைவிட முக்கியமான வேலை. எந்தப் பொருள் ஊறத் தாங்கும் என்பதை அனுபவப்பட்டவர் பார்த்துச் சொல்லவேண்டும்.

உலோகத்துக்கு அறுபதும் அதிகம். புதையுண்ட செம்பிலும் வெண்கலத்திலும் குளோரைடு ஒளிந்திருந்தால் நாற்பது சொச்சத்திலேயே வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டபோது எஸ். பரமசிவன் மல்லாடியது இந்த வெண்கல நோயோடுதான். காசுகளும் நங்கூரமும் இறுக மூடும் டப்பாக்களில், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல்லோடு, தனியே இருக்கட்டும்.

பரண்

இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தாங்கல் சராசரியாக்கத்தான் செய்யும். ஏற்ற இறக்கத்தை மழுக்கி நடுவில் நிறுத்தும். இந்தக் கரையில் ஆண்டுச் சராசரியே எழுபதுக்கு மேல். இறுக மூடிய குதிர் பருவமழையைத் தாண்டும், ஆண்டுகளைத் தாண்டாது. நெல்லை ஆண்டுதோறும் வெயிலில் போட்டுத் திரும்பக் கொட்டினார்கள். கட்டுமரத்தை அப்படிச் செய்ய முடியாது.

இதற்கும் ஊரில் ஒரு விடை உண்டு. விதைக்கதிரும் சுரைக்குடுக்கையும் சமையலறையில் அடுப்புக்கு மேலே பரணில் இருக்கும். புகை பூச்சியை விரட்டும் என்பது பாதிதான். சூடு ஈரப்பதத்தை இறக்கும் என்பது மறுபாதி. 28 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை, ஒரு துளி நீரும் எடுக்காமல், 33 டிகிரிக்குச் சூடாக்கினால் 61 ஆகிவிடும். பிரிட்டனின் பழைய மாளிகைகளில் குளிர்காலத்தில் மனிதருக்காக இல்லாமல் மரச்சாமான்களுக்காக மிதமாகச் சூடேற்றுவதும் இந்தக் கணக்கில்தான்.

கிடங்கில் அடுப்பு மூட்ட முடியாது. நாட்டு ஓட்டுக் கூரைக்கும் கிடங்கின் உட்கூரைக்கும் நடுவே மூடிய பரண் விட்டால் வெயில் அதைச் சூடாக்கும். அந்தச் சூடு கீழே கசியும். சித்திரையில் பரணின் பக்கத் துவாரங்களைத் திறந்து சூட்டை வெளியேற்றலாம். சூட்டுக்கு விலை உண்டு: காகிதம் பழுப்பாவது வேகமெடுக்கும். ஆனால் அந்தச் சேதம் பல பத்தாண்டுகளில் நடப்பது, பூஞ்சணம் பத்து நாளில் தின்றுவிடும். நான் சூட்டையே தேர்ந்தெடுப்பேன், நோட்டுப் புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வைத்து.

அடுப்பு மழைநாளிலும் எரியும், வெயில் அடிக்காது. மேகம் கட்டிய வாரங்களைச் சுவரின் தாங்கல் தாண்ட வைக்கவேண்டும். அதிலும் மிஞ்சுவதை ஓர் ஈரமகற்றும் கருவி எடுக்கட்டும். எவ்வளவு எடுக்கவேண்டும்? காற்று நாளைக்கு ஒருமுறை மாறினால் நாளைக்கு 900 கிராம், ஒரு சொம்புத் தண்ணீர். வீட்டு உபயோகத்துக்கான சிறு கருவி போதும், கூரையில் இரண்டு மூன்று சூரியத் தகடுகள் அதை ஓட்டிவிடும். இடுக்குகளை அடைக்காத கிடங்கில் அதே வேலைக்கு நாளைக்கு ஒரு குடத்துக்கு மேல் இறைக்கவேண்டும். இயந்திரத்துக்குச் செலவழிப்பதைவிடக் கதவுக்குச் செலவழிப்பது மேல் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

கதவுக்காக வீட்டிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம், ரேழி. வெளிக்கதவைச் சாத்திவிட்டு ரேழியில் நின்று உட்கதவைத் திறக்கும் ஏற்பாடு இருந்தால், ஆள் வந்துபோவதால் காற்று மாறுவது மிகவும் குறையும். பொருள்களைப் பிரித்துப் பார்க்கும், துடைக்கும், படம் எடுக்கும் வேலையெல்லாம் வெளியே தாழ்வாரத்தில். அங்கே வியர்க்கும் மனிதர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் காற்று வேண்டும்.

தைக்கும் ஐப்பசிக்கும் நடுவே

மண்ணை வெளியே காட்டினால் மழை கரைத்துவிடும். எனவே வெளித்தோல் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், உள்தோல் பச்சைக் கல். பேஸ்மட்டம் தாராளமாக உயரட்டும். 2004 டிசம்பர் சுனாமியைக் கண்ட கரை இது. பேஸ்மட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே முழு அகலத்துக்கும் கருங்கல் பலகை ஒரு வரிசை. உவர்நீர் சுவரில் ஏறாமலிருக்கவும், கறையான் மறைந்து ஏற வழியில்லாமல் கண்ணில் படவும் அது உதவும். குதிருக்கடியில் வைத்த கல்லின் வேலையும் இதுதான். கடல் மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது. எதைத் தடுக்க இவ்வளவு பாடுபடுகிறோமோ அதைக் கையாலேயே சுவருக்குள் வைத்ததாகிவிடும்.

புதுச்சுவரிலேயே நிறையத் தண்ணீர் இருக்கிறது. பச்சைக் கல் வெயிலில் காய்ந்து வந்தாலும் சாந்தும் பூச்சும் ஈரம். கட்டி முடித்த மாதமே பொருளை உள்ளே ஏற்றினால், மழைக்காலம் வருமுன்பே சுவர் தன் ஈரத்தைக் கூடைகளுக்குக் கொடுத்துவிடும். தையில் சுவர் எழுப்பி, பங்குனி சித்திரை வெயிலில் கதவையும் பரண் துவாரங்களையும் திறந்து போட்டு, ஆனி ஆடி வரை காயவிடவேண்டும். பிறகு இடுக்குகளை அடைத்து, வெறும் கிடங்கில் ஈரமானி ஒன்றைத் தொங்கவிட்டு, முதல் ஐப்பசியைப் பொருளில்லாமலே கடக்கவிடுவது நல்லது. ஊர் முழுக்க நனைந்து கிடக்கும் கார்த்திகையிலும் முள் 65-ஐத் தாண்டவில்லையென்றால் தையில் கட்டுமரத்தை உள்ளே கொண்டுவரலாம். தாண்டினால் முதலில் சந்தேகப்படவேண்டியது கதவின் கீழிடுக்கை, அடுத்து ஓட்டுக்கும் சுவருக்கும் சேரும் இடத்தை.